மீன் தீவனத்துக்கு வரும் கழிவுத் தூள்: விற்கும் முன் அறிய வேண்டியவை

பிண்ணாக்கும் தவிடும் விற்கும் கடைகளுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதுச் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. பழுப்பு நிறத்தில், சற்று எண்ணெய்ப் பசையோடு இருக்கும் தூள். கருவாட்டு வாடையும் இல்லை, பிண்ணாக்கு வாடையும் இல்லை, தனி வாடை. பில்லில் ‘சிக்கன் மீல்’ என்றோ ‘எம்.பி.எம்.’ என்றோ ‘இறகுத் தூள்’ என்றோ எழுதியிருக்கும். மீன் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டு வருகிறார்கள். ஏஜெண்டுகள் சாம்பிள் பொட்டலத்தோடு வருகிறார்கள். நம் உறுப்பினர்களும், “இதை வாங்கிப் போடலாமா? இதில் என்னதான் இருக்கிறது?” என்று கேட்கிறார்கள்.

மளிகைக்கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கிராமத்துக் கடையின் முன்பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய் என்றால் பின்பக்கம் பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மாட்டுக்குத் தீவனம் வாங்க வருகிறவரே குளத்து மீனுக்கும் தீவனம் கேட்கிறார். எனவே இந்தச் சரக்கு கடைசியில் நம் கடை வழியாகத்தான் ஊருக்குள் போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல சரக்கு, விற்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. சரக்கு சரியாக வெந்ததாக இருக்க வேண்டும். எந்த விலங்கிலிருந்து வந்தது என்ற விவரம் மூட்டையில் எழுதியிருக்க வேண்டும். நம் குடோனில் மற்றச் சரக்கிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வியாபாரம் வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

மீன் தூளுக்கு ஏன் மாற்று தேடுகிறார்கள்?

வளர்ப்பு மீனுக்கும் இறாலுக்கும் இதுவரை முதல்தரப் புரதச் சரக்கு மீன் தூள்தான். கடலில் பிடித்த சிறு மீன்களை வேக வைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் அது கிடைக்கும். நான்கிலிருந்து ஐந்து கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுக் கணக்கு. உலகச் சந்தைக்கு இதை அதிகமாக அனுப்பும் நாடு தென் அமெரிக்காவிலுள்ள பெரு. அங்கே பிடிபடும் ஒரு வகை நெத்திலிதான் மூலப்பொருள்.

1970-ல் பெரு நாட்டினர் அந்த நெத்திலியை 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். அளவுக்கு மீறிப் பிடித்ததோடு, 1972-ல் எல் நினோ எனப்படும் கடல் வெப்ப மாற்றமும் சேர்ந்துகொண்டது. 1973-ல் பிடிபட்டது 20 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. 1997-98-லும் இதே போன்ற அடி விழுந்தது. 2023-ல் குஞ்சு மீன்கள் அதிகமாக இருந்ததால், முக்கியமான கடற்பகுதியில் ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே அந்நாட்டு அரசு ரத்து செய்தது. உலகச் சந்தையில் மீன் தூள் விலை ஏறியது.

கடல் தரும் மீனுக்கு ஓர் அளவு உண்டு. மீன் பண்ணைகளோ ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. நம் நாட்டில் 2009-ல் வனாமி இறாலை வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு இறால் தீவனத்தின் தேவை எவ்வளவு உயர்ந்தது என்பதை ஆந்திரா, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். நார்வே நாட்டில் வளர்க்கும் சால்மன் மீனின் தீவனத்தில் 1990-ல் சுமார் 65 சதவீதம் மீன் தூள் முதலிய கடல் புரதமாக இருந்தது. 2013-ல் அது 18 சதவீத அளவுக்குக் குறைந்துவிட்டது. மிச்சத்தைச் சோயா முதலியவை நிரப்பின. சிலி, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கோழிக்கழிவுத் தூளும் அந்த இடத்துக்கு வந்தது.

நம் பக்கத்துக் கட்லா, ரோகு, மிருகால் மீன்களின் கதை வேறு. ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பகுதியில், தவிட்டையும் பிண்ணாக்கையும் துளையிட்ட சாக்கில் நிரப்பி, குளத்தில் கம்பு நட்டுக் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன்கள் துளை வழியே கொத்தித் தின்னும். இந்த மீன்களுக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை புரதம் இருந்தால் போதும். இறாலுக்கு 35 சதவீதத்தை ஒட்டி வேண்டும். ஆயினும் கடலைப் பிண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் குளத்துக்காரரும் வேறு புரதம் தேடுகிறார். அப்படித் தேடும்போது கண்ணில் படுவதுதான் இந்தக் கழிவுத் தூள்.

என்னென்ன சரக்கு இருக்கிறது?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கோழிக்கும் அது பொருந்தும். இரண்டு கிலோ எடையுள்ள பிராய்லர் கோழியை உரித்துச் சுத்தம் செய்தால் சுமார் 1,400 கிராம் கறி கிடைக்கும். மீதி 600 கிராம் இறகு, இரத்தம், குடல், தலை, கால். நாளைக்கு 100 கோழி விற்கும் கடையில் 60 கிலோ கழிவு சேரும். ஆற்றங்கரையிலும் குப்பை மேட்டிலும் கொட்டி ஊரை நாறடிக்கும் இந்தப் பொருள், முறையாகப் பக்குவம் செய்தால் விலையுள்ள தீவனமாகிறது. வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோழிக்கழிவுத் தூள்: குடல், தலை, கால், கறித் துணுக்கு ஆகியவற்றை வேகவைத்து, கொழுப்பைப் பிழிந்து, உலர்த்தி அரைத்தது. புரதம் 55 முதல் 65 சதவீதம். மீன் தூளுக்கு அடுத்தபடியாக நிற்கும் சரக்கு இதுதான். மீன் தூளில் பாதி அளவை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தும் வளர்ச்சி குறையவில்லை என்று பல வகை மீன்களில் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

இரத்தத் தூள்: புரதம் 80 முதல் 90 சதவீதம். லைசின் என்னும் சத்து இதில் ஏராளம். ஆனால் வேறு சில சத்துகள் மிகக் குறைவு. எனவே கலவையில் சிறிதளவே சேர்க்க வேண்டும். அதிகச் சூட்டில் கருகிய சரக்கில் அந்த லைசினும் வீணாகிவிடும்.

இறகுத் தூள்: புரதம் 80 சதவீதத்துக்கு மேல். இது ஏமாற்றும் கணக்கு. நம் தலைமுடியும் நகமும் போல இறகும் கடினமான புரதம். அதை அப்படியே அரைத்துப் போட்டால் மீன் வயிற்றில் செரிக்காது. அழுத்தமான நீராவியில் வேக வைத்து அதன் கட்டை உடைத்த பிறகே பயன்படும். அப்போதும் லைசின், மெத்தியோனின் சத்துகள் குறைவு.

இறைச்சி எலும்புத் தூள்: ஆடு, மாடு, பன்றி அறுக்குமிடங்களில் சேரும் கழிவிலிருந்து செய்வது. புரதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாம்பல் என்று சொல்லும் எலும்புச் சத்து 30 சதவீதம் வரை போகும். கட்லா, ரோகு போன்ற மீன்களுக்கு நம்மைப் போல் அமிலம் சுரக்கும் இரைப்பை கிடையாது. எலும்பிலுள்ள பாஸ்பரஸை அவை நன்றாக எடுத்துக்கொள்ளா. ஆகவே எலும்பு மிகுந்த சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் அந்த மீனுக்கு அது வெறும் பாரம்.

பட்டுப்புழுத் தூள்: கர்நாடகத்தின் ராமநகரத்திலும் நம் தருமபுரிப் பக்கத்திலும் பட்டு நூல் எடுத்த பின் மிஞ்சும் கூட்டுப்புழுக்களை உலர்த்தி அரைப்பது. ஜப்பானில் கெண்டை மீன்களுக்கு இதை நெடுங்காலம் போட்டு வந்தார்கள். எண்ணெய் எடுக்காத தூளில் புரதம் 50 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 25 சதவீதத்துக்கு மேல். அந்தக் கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். சிக்கு வாடை மீன் கறியிலும் ஏறிவிடும். எண்ணெய் நீக்கிய தூளே நல்லது.

இறால் தலைத் தூள்: ஏற்றுமதிக் கூடங்களில் கழித்த தலையையும் ஓட்டையும் உலர்த்தி அரைத்தது. சோதனையில் காட்டும் புரதத்தில் ஒரு பங்கு ஓட்டுச் சத்தே தவிர உண்மைப் புரதம் அல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் நம் கடலோரப் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய், நோயுற்ற இறாலைப் பச்சையாகத் தின்னும் இறாலுக்கும் தொற்றும். இறாலின் கழிவை இறாலுக்கே போடுவது இதனால்தான் ஆபத்து. ஐரோப்பிய நாடுகளில், வளர்ப்பு மீனின் கழிவை அதே இன மீனுக்குத் தீவனமாகப் போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இத்தனை வகை இருக்கும்போது, ஒன்றை மட்டும் மூட்டை மூட்டையாகப் போட்டால் பலன் இல்லை. மிளகாய் பத்துப் படி இருந்தாலும் மல்லி இல்லாவிட்டால் சாம்பார்ப் பொடி ஆகுமா? புரதமும் அப்படித்தான். பல சத்துகள் சேர்ந்தது அது. ஒன்று குறைந்தால் மற்றவை இருந்தும் மீன் வளராது. “மீன் தூளே வேண்டாம், பிண்ணாக்கே வேண்டாம், இது ஒன்றே போதும்” என்று சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டியதில்லை.

வெந்த சரக்கா?

முதல் நிபந்தனைக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலில் கோழிக்குடல் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். அழுகிய பின் எவ்வளவு வேக வைத்தாலும் அழுகலில் உண்டான கெட்ட பொருள்கள் எல்லாம் போய்விடா. எனவே அன்றன்றைய கழிவு அன்றன்றே கொதிகலனுக்குப் போக வேண்டும்.

எவ்வளவு வேக வேண்டும் என்பதற்கு ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள முதல் முறையைச் சொல்லலாம். கழிவை 50 மில்லிமீட்டருக்கு மேல் போகாத துண்டுகளாக்கி, 133 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்று மடங்கு அழுத்தத்தில், 20 நிமிடம் இடைவிடாமல் வேக வைக்க வேண்டும். வாசலில் அண்டா வைத்துக் காய்ச்சி, களத்தில் காயப்போட்டு அரைக்கும் சரக்கு இதற்கு ஈடாகாது. நன்றாக வெந்த சரக்கும், ஆறும்போது ஈரத் தரையிலோ பச்சைக் கழிவு கிடக்கும் இடத்திலோ கொட்டப்பட்டால் மறுபடி கிருமி ஏறிவிடும். ஆலையில் பச்சைச் சரக்கு வரும் பக்கமும் தூள் போகும் பக்கமும் தனித்தனியா என்று வாங்கும் முன் விசாரியுங்கள். முடிந்தால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

சிலர் வேகவைக்கும் செலவும் வேண்டாம் என்று பச்சைக் கோழிக்கழிவையே குளத்தில் கொட்டுகிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை இப்படி வளர்ப்பது நாட்டின் பல பகுதிகளில் நடந்திருக்கிறது. அந்த மீன் குளத்திலிருந்து தப்பி ஏரி, ஆறுகளுக்குப் போனால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும் என்பதால், அதை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் கண்டிப்பான உத்தரவு போட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பல இடங்களில் அதிகாரிகள் அந்தக் குட்டைகளை அழித்தார்கள். பச்சைக் கழிவு குளத்து நீரைக் கெடுக்கும், நோயைப் பரப்பும், அக்கம்பக்கத்துக் கிணற்றையும் நாறடிக்கும். நாம் விற்கும் தூளையும் அந்தப் பச்சைக் கழிவையும் மக்கள் ஒன்றாகவே நினைத்துவிடுவார்கள். அதனால் “பச்சைக் கழிவு வேறு, வெந்த தூள் வேறு” என்பதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லும் கடமையும் நமக்கு இருக்கிறது.

புரதக் கணக்கில் நடக்கும் மோசடி

இரண்டாவது நிபந்தனை விவரம். மூட்டையில் ‘புரதம் 60 சதவீதம்’ என்று இருக்கும். அந்த எண் எப்படி வருகிறது என்பது பல வியாபாரிகளுக்குத் தெரியாது. டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் என்பவர் 1883-ல் கண்டுபிடித்த முறையில், பரிசோதனைக் கூடத்தில் சரக்கிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். வரும் விடைக்குப் புரதம் என்று பெயர். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை.

இங்கேதான் கலப்படக்காரனுக்கு வழி கிடைக்கிறது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். 6.25-ஆல் பெருக்கினால் 287 வருகிறது. அதாவது, 100 கிலோ தூளில் ஒரு கிலோ யூரியா கலந்தால் காகிதத்தில் புரதம் ஏறத்தாழ மூன்று சதவீதம் ஏறிவிடும். மீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சீனாவில் இதே தந்திரத்துக்கு மெலமைன் என்னும் ரசாயனத்தைக் கலந்தார்கள். 2007-ல் அந்தச் சரக்கு அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் போய் ஏராளமான பிராணிகளின் உயிரைக் குடித்தது. 2008-ல் அதையே குழந்தைகளின் பால் மாவில் கலந்து ஆறு குழந்தைகள் இறந்தன. மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியதால் வந்த வினை இது.

கடையிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வையுங்கள். மணல் இருந்தால் அடியில் தங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேகாத இறகின் நார்கள் தெரியும். முகர்ந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் மூலப்பொருள் அழுகியிருந்தது என்று அர்த்தம். நெடி இல்லாத தூளோடு வறுக்காத சோயா மாவைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து மூடி வையுங்கள். சற்று நேரத்தில் அமோனியா நெடி கிளம்பினால் யூரியா கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சோயாவிலுள்ள ஒரு பொருள் யூரியாவை உடைத்துவிடும்; அதனால் வரும் நெடி அது.

ஒரு லாரிக்கு மேல் கொள்முதல் செய்கிறவர்கள் கை வைத்தியத்தோடு நிற்கக்கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சாம்பிளைக் கொடுத்துப் புரதம், ஈரம், கொழுப்பு, சாம்பல், மணல் ஆகியவற்றோடு செரிமான அளவையும் கேளுங்கள். பெப்சின் சோதனை என்று அதற்குப் பெயர். இறகுத் தூள் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனை இல்லாமல் பணம் கட்டக்கூடாது.

விலையை ஒப்பிடவும் ஒரு சுலபமான கணக்கு உண்டு. மூட்டை விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ புரதத்தின் அடக்க விலையைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 60 சதவீதப் புரதமுள்ள கோழிக்கழிவுத் தூள் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ புரதத்தின் அடக்கம் 100 ரூபாய். 40 சதவீதப் புரதமுள்ள பிண்ணாக்கு கிலோ 44 ரூபாய் என்றால் அடக்கம் 110 ரூபாய். 80 சதவீதப் புரதமுள்ள இறகுத் தூள் கிலோ 40 ரூபாய் என்றால் அடக்கம் 50 ரூபாய்தான்; ஆனால் அதில் பாதிதான் செரிக்கும் என்றால் அதுவும் 100 ரூபாய்க்கு வந்து நிற்கும். கணக்கு புரிவதற்காகச் சொன்ன விலைகள் இவை. இன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

விவரத்தில் புரத எண்ணைவிட முக்கியமானது எந்த விலங்கு என்பது. கோழியா, பன்றியா, மாடா என்று எழுதாத மூட்டையை வாங்காதீர்கள். வெளிநாட்டுக்கு மீனும் இறாலும் அனுப்புகிறவர்களிடம், தீவனத்தில் என்ன சேர்த்தார்கள் என்று அங்குள்ள வியாபாரிகள் கேட்கிறார்கள். உள்ளூர் வாடிக்கையாளர்களிலும் பன்றி சம்பந்தமானதை வேண்டாம் என்பவர்கள் உண்டு. மாடு சம்பந்தமானதைத் தொடமாட்டேன் என்பவர்களும் உண்டு. அவரவர் மனசுக்கு மதிப்புக் கொடுத்து உண்மையைச் சொல்லி விற்பதே வியாபாரம். மறைத்து விற்று, பின்னால் தெரிந்தால், தலைமுறையாக வந்த வாடிக்கை ஒரே நாளில் போய்விடும்.

மாட்டுத் தொட்டிக்குப் போகக்கூடாது

மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றிலும் பெரியது. போன வருஷம் எங்கள் கடைக்கு ஒரு குளத்துக் குத்தகைக்காரர் வந்தார். பல வருஷ வாடிக்கை. மீனுக்கு நாலு மூட்டை இறைச்சி எலும்புத் தூள் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, வீட்ல ரெண்டு கறவை நிக்குது. இதுல ஒரு படி தவிட்டோட கலந்து வச்சா பால் கூடும்னு சொல்றாங்களே, வைக்கலாமா?” என்றார். “வைக்கவே கூடாதுய்யா. மாட்டுக்கு வேணும்னா பருத்திக்கொட்டை வாங்கிட்டுப் போங்க” என்று சொல்லி, காரணத்தையும் சொல்லி அனுப்பினேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காரணம் இங்கிலாந்தில் நடந்த பெரிய துயரம். அங்கே மாடுகளுக்கு இறைச்சி எலும்புத் தூளைத் தீவனத்தில் கலந்து போட்டு வந்தார்கள். 1986-ல் மாடுகளின் மூளை கடற்பஞ்சு போல் துளை விழும் ஒரு புது நோயைக் கண்டார்கள். ஜனங்கள் அதைப் ‘பைத்திய மாட்டு நோய்’ என்றார்கள். நோயுற்ற மாட்டின் கழிவு தூளாகி, அந்தத் தூள் மறுபடி மாட்டுக்கே போனதால் நோய் பரவியது. அந்த நோய்க்கூறு சாதாரணக் கொதியில் சாவதில்லை. 1988-ல் மாடு, ஆடுகளுக்கு அந்தத் தூளைப் போடக்கூடாது என்று அரசு தடை போட்டது. 1996 மார்ச்சில், அந்த மாட்டிறைச்சி வழியாக மனிதர்களுக்கும் மூளை நோய் வந்திருக்கக்கூடும் என்று அரசே அறிவித்தது. அந்நாட்டில் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகள் அந்த நோய் கண்டன. முன்னெச்சரிக்கையாக 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றார்கள். மனிதரில் 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வியாபாரிகளாகிய நாம் இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1988-ல் தடை வந்த பிறகு பிறந்த மாடுகளிலும் 40,000-க்கும் மேற்பட்டவை அந்த நோய் கண்டன. தடை போட்டும் எப்படி வந்தது? பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூளை அப்போது போடலாம், மாட்டுக்குத்தான் கூடாது. ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் இரண்டு தீவனத்தையும் அரைத்தார்கள். ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் ஒட்டிக்கொண்டு போயிற்று. மிகச் சிறு அளவே ஒரு மாட்டுக்கு நோய் தரப் போதுமானதாக இருந்தது. கடைசியில் 1996-ல் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் அந்தத் தூளைத் தடுத்த பிறகுதான் நோய் அடங்கியது.

ஐரோப்பிய நாடுகள் 2001-ல் விலங்குத் தூள்களைப் பண்ணைத் தீவனத்தில் சேர்ப்பதை ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்தின. பல வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு, 2013 ஜூன் முதல் கோழி, பன்றி ஆகியவற்றின் தூளை மட்டும் வளர்ப்பு மீனுக்குப் போட அனுமதித்தன. மாடு, ஆடு போன்ற அசை போடும் பிராணிகளின் இறைச்சித் தூளுக்கு அந்த அனுமதி இல்லை. அனுமதி வந்த பிறகும் அங்குள்ள பெரிய கடைகள் பலவும் உடனே இசையவில்லை. சட்டம் திறந்த கதவை, ஒரு முறை பயந்துபோன வாடிக்கையாளரின் மனம் திறக்க மறுத்தது.

நம் நாட்டில் அந்த மாட்டு நோய் ஒன்றுகூடக் காணப்படவில்லை. உலக விலங்கு நல அமைப்பு 2010-ல் இந்தியாவை அந்த நோய்க்கு மிகக் குறைந்த அபாயமுள்ள நாடு என்று அங்கீகரித்தது. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளும், பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் கால்நடைகளின் தீவனத்தில் மாடு, பன்றி வழி வந்த இறைச்சித் தூள், எலும்புத் தூள், இரத்தத் தூள் சேர்க்கக்கூடாது என்கின்றன. கோழி, பன்றி, மீன் ஆகியவற்றின் தீவனத்துக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது. விதிவிலக்கில் விற்கும் சரக்கு, விலக்கப்பட்ட இடத்துக்குப் போகாமல் தடுக்க, மாட்டுத் தீவனத்தையும் மீன் தீவனத்தையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் நம்மைவிட்டால் கிராமத்தில் வேறு ஆள் இல்லை.

குடோனில் கடைப்பிடிக்க வேண்டியவை

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒழுங்கு இருந்தால் போதும்.

இந்தத் தூளைப் பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை இருக்கும் அடுக்கிலிருந்து தனியே, முடிந்தால் தனி அறையில் வையுங்கள். அரிசி, பருப்பு, மாவு இருக்கும் இடத்துக்கு அருகில் வைக்கவே கூடாது. அள்ளும் முறம், கரண்டி, தராசுத் தட்டு தனியாக இருக்கட்டும். சில்லறையாகப் பிரித்து விற்காமல் முழு மூட்டையாகவே விற்பது இன்னும் நல்லது. கீழே சிந்தியதைக் கூட்டித் தவிட்டு மூட்டையில் போடும் பழக்கம் பையன்களுக்கு உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள்.

காலிச் சாக்கு விஷயம் மிக முக்கியம். சாக்கு விற்ற காசு நமக்கு ஒரு சிறு வருமானம்தான். ஆனால் இறைச்சித் தூள் வந்த சாக்கில் நாளைக்குத் தவிடு கட்டி அனுப்பினால், இங்கிலாந்து ஆலையில் நடந்ததை நம் கடையிலேயே நடத்துகிறோம் என்று பொருள். அந்தச் சாக்கைத் தனியே ஒதுக்கி, வேறு தீவனத்துக்குப் போகாதபடி செய்யுங்கள்.

மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சுவரை விட்டுத் தள்ளி, அடுக்குகளுக்கு இடையே காற்றுப் போக வழி விடுங்கள். கொழுப்புள்ள தூள் காற்றுப் படாமல் குவிந்தால் உள்ளே சூடேறும். மீன் தூள் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று கப்பல் போக்குவரத்து விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். சிக்கு வாடை வந்த சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடாதீர்கள். மீனுக்கும் கெடுதல், பெயருக்கும் கெடுதல்.

பில்லில் சரக்கின் பெயரை ‘தீவனம்’ என்று பொதுவாக எழுதாமல் ‘கோழிக்கழிவுத் தூள்’, ‘இறைச்சி எலும்புத் தூள்’ என்று உள்ளபடி எழுதுங்கள். ‘மீன் தீவனத்துக்கு மட்டும்; ஆடு மாடுகளுக்குக் கொடுக்கக்கூடாது’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து பில்லிலும் மூட்டையிலும் குத்துங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். வாங்கிய இடம், தேதி, விற்ற இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொல்வதானால், கடலில் பிடிக்கும் மீனுக்கு அளவு இருக்கும்வரை இந்தத் தூளுக்குத் தேவை இருக்கும். ஆற்றில் கொட்டும் கழிவு தீவனமாவது ஊருக்கும் நல்லது. குளத்துக்காரருக்குச் செலவு குறையும். நமக்கும் நியாயமான ஒரு வியாபாரம் கிடைக்கும். உறுப்பினர்கள் அடுத்த லோடு எடுக்குமுன் ஆலைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வேக வைத்தீர்கள்? எந்த விலங்கின் கழிவு? பரிசோதனைச் சீட்டு எங்கே? மூன்றுக்கும் நேரான பதில் தருபவரிடம் சரக்கு எடுங்கள். பதில் தராதவர் எத்தனை ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் அவர் லாரியை உங்கள் குடோன் வாசலில் நிறுத்த விடாதீர்கள்.